சின்ன பாட்டில் ஸ்பிரிட்

ரொமோன்,
14 அக்டோபர் 1973

அன்புள்ள கனீஸ் அண்ணாவுக்கு,

தங்கை செராஃபின் எழுதுவது. மழை வந்தால் என் இடது முழங்கால் முணுமுணுக்கிறது, மற்றபடி குறை ஒன்றும் இல்லை. உன் ரத்த அழுத்தமும் வ்ரெனி அண்ணியின் பல்வலியும் இறங்கியிருக்கும் என்று நம்புகிறேன்.

பிறந்தநாளுக்கு நீங்கள் அனுப்பிய ஃபோண்டு அடுப்பு வந்துவிட்டது. ஸ்டேஷன் பார்சல் கவுன்டரில் உட்கார்ந்திருப்பவளே நான்தானே, எனக்கு நானே கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டேன். செம்பும் மூன்று காலுமாக மேஜைமேல் ராஜா மாதிரி உட்கார்ந்திருக்கிறது. அம்மா போனதிலிருந்து இந்த வீட்டில் சீஸை இளக்கி ரொட்டி தோய்த்துத் தின்பதே இல்லை, ஃபோண்டு சட்டி அலமாரியை விட்டு இறங்கவே இல்லை. இப்போது கழுவித் துடைத்து வைத்திருக்கிறேன்.

ஒரே ஒரு சந்தேகம். இதில் என்ன ஊற்றி எரிப்பது? பெட்டிக்குள் ஒரு தாள் இருந்தது, முழுக்க உங்கள் ஊர் ஜெர்மன். நேற்று மேட்டுத்தெருவில் முசியே மத்தேயின் கடைக்குப் போனேன். சோப்பு, சாயம், இருமல் மருந்து, எலிப்பாஷாணம் எல்லாம் விற்கிறாரே, அந்தக் கடை. நொஷாத்தெல் பக்கம் மோத்தியே ஊர்க்காரர். பெண்டாட்டியை இழந்தவர், அதிகம் பேசமாட்டார். "எத்தன பேருக்கு மத்மசேல்?" என்று கேட்டார். எனக்கு என்ன வந்ததோ, ரெண்டு பேருக்கு என்று சொல்லிவிட்டேன். விரல் நீளத்துக்கு ஒரு பாட்டில் ஸ்பிரிட் எடுத்து, பழைய பேப்பரில் சுற்றி, நூல் கட்டி, முடிச்சைப் பூப்போல விரித்துக் கொடுத்தார். இது போதுமா? நீ இன்ஜினீயர், நீயே சொல்.

அண்ணிக்கு என் முத்தங்கள்.

செராஃபின்


வின்டர்தூர்,
20 அக்டோபர் 1973

அன்புத் தங்கை செராஃபினுக்கு,

நாங்கள் இருவரும் சௌக்கியம். வ்ரெனியின் பல்லைப் பிடுங்கியாயிற்று. உன் முழங்காலுக்குக் கம்பளித் துணி சுற்று.

அடுப்பு விஷயத்தைச் சரியான ஆளிடம் கேட்டாய். மூன்று வழி உண்டு. ஸ்பிரிட் சீக்கிரம் சூடேறும், தீயும் வலுவாக இருக்கும். புனல் வைத்து ஊற்று, கிண்ணம் தளும்பக் கூடாது. எரிகிறபோதோ சூடாக இருக்கிறபோதோ மறுபடி ஊற்றவே கூடாது. ஸ்பிரிட்டின் தீ நீலமாக, கண்ணுக்கே தெரியாமல் எரியும். அணைந்துவிட்டது என்று நினைத்து ஊற்றிப் புருவத்தைப் பறிகொடுத்தவர்கள் எங்கள் தொழிற்சாலையிலேயே இருக்கிறார்கள். அடுத்தது எரிகிற பசை, சிறு டப்பாவில் வரும், சிந்தாது, ஆனால் கொஞ்சம் மந்தம். கேஸ் என்றால் அதற்கு வேறு அடுப்பு வாங்கவேண்டும், அந்தப் பேச்சே வேண்டாம்.

நீ ஸ்பிரிட்டே வாங்கு. ஆனால் விரல் நீளப் பாட்டிலை எந்த மடையன் விற்கிறான்? ஒரு தடவை ஊற்றினால் தீர்ந்துவிடும். ஒரு லிட்டராக வாங்கி வை. அதுவும் ஸ்டேஷன் பக்கத்து மளிகைக் கடையிலேயே கிடைக்குமே, அந்த முழங்காலை வைத்துக்கொண்டு ஏன் மேடு ஏறுகிறாய்?

ரெண்டு பேர் என்றாயே, இன்னொருவர் யார்?

உன் அண்ணன்,
கனீஸ்


ரொமோன்,
3 நவம்பர் 1973

அன்புள்ள அண்ணா,

கம்பளி சுற்றிக்கொண்டுதான் எழுதுகிறேன். அண்ணி வாய் நோகாமல் சாப்பிடுகிறாரா?

ஸ்பிரிட் எனக்குச் சரிப்படவில்லை. நாற்றம் மூக்கைத் துளைக்கிறது, ஜன்னல் திறந்தால் தீ ஆடுகிறது. ஆகவே புதன்கிழமை திரும்பவும் முசியே மத்தேயிடம் போய்ச் சொன்னேன். மனிதர் ரொம்பச் சிரத்தையாகக் கேட்டார். கல்லாவுக்குப் பின்னாலிருந்து முக்காலியை எடுத்துப் போட்டு என்னை உட்காரச் சொன்னார். ஒரு தட்டில் ஸ்பிரிட், இன்னொரு தட்டில் பசை, இரண்டையும் கொளுத்தி வைத்து, எதன்மேல் வைத்த தண்ணீர் முதலில் சூடாகிறது என்று இரண்டு பேரும் பார்த்துக்கொண்டிருந்தோம். கொதிக்க நேரமாயிற்று. வாடிக்கைக்காரர்கள் வந்து நின்று பார்த்துவிட்டுப் போனார்கள். ஸ்பிரிட்தான் ஜெயித்தது. ஆனாலும் நான் பசையே வாங்கிக்கொண்டேன்.

தண்ணீர் சூடாகும் வரை ஏதாவது பேசவேண்டுமே, அதனால் சொன்னாரோ என்னவோ. மோத்தியேயில் அவருடைய மைத்துனர் கூட்டுக்குக் கூப்பிடுகிறாராம். லொசானிலிருந்து ஒருவர் இந்தக் கடையைக் கேட்டிருக்கிறாராம். ஈஸ்டரோடு கொடுத்துவிட்டுப் போய்விடலாம் என்று இருக்கிறாராம். "இங்க எனக்குன்னு யாரு இருக்காங்க மத்மசேல்?" என்றார். பசை டப்பாவை எப்படித் திறப்பது என்று கேட்டுவிட்டு வந்தேன்.

மற்றபடி ஊரில் விசேஷம் இல்லை. பனி கீழே இறங்கிவிட்டது.

செராஃபின்

பி.கு. ஃபோண்டுவைத் தனியாகச் சாப்பிடுகிறவளைப் பார்த்து ஊரே பரிதாபப்படும். அதனால்தான் ரெண்டு பேர் என்றேன்.


வின்டர்தூர்,
8 நவம்பர் 1973

அன்புத் தங்கைக்கு,

எல்லோரும் நலம். அண்ணி ஆப்பிள் கடிக்கிற அளவுக்குத் தேறிவிட்டாள்.

ஸ்பிரிட் நாறுகிறதா? சுத்தமான ஸ்பிரிட் ஒரு நிமிஷத்துக்கு மேல் நாறாது. அந்த ஆள் உனக்கு அடிமண்டியைத் தள்ளிவிட்டிருக்கிறான். நொஷாத்தெல்காரர்கள் எப்போதும் கொஞ்சம் கணக்குப் பார்க்கிறவர்கள்தான். ஸ்பிரிட் ஜெயித்தது என்று கண்ணால் பார்த்த பிறகும் பசையை உன் தலையில் கட்டியிருக்கிறானே, என்ன தைரியம்! அவன் ஈஸ்டருக்குப் போகிறதாக இருந்தால் இப்போதே போகட்டும், ரொமோனுக்கு நல்லது.

சரி, வாங்கியது வாங்கியாயிற்று. டப்பாவை மூடி போட்டுத்தான் அணைக்கவேண்டும், ஊதி அல்ல. ஃபோண்டு எப்படி வந்தது என்று இதுவரை நீ ஒரு வரிகூட எழுதவில்லையே? அதை முதலில் எழுது.

கனீஸ்


ரொமோன்,
17 நவம்பர் 1973

அன்புள்ள அண்ணா,

உங்கள் நலம் கேட்டு மகிழ்ந்தேன். என் முழங்கால் பழகிவிட்டது, மேடு ஏறினால்தான் அதற்கு நல்லது என்று தோன்றுகிறது.

முசியே மத்தேயை நீ அப்படிப் பேசியிருக்க வேண்டாம். அவர் கணக்குப் பார்க்கிறவர் இல்லை. போன வாரம் அந்த விதவை லிதியின் இருமலுக்கு மருந்து கொடுத்துக் காசு வாங்காமல் அனுப்பியதை என் கண்ணால் பார்த்தேன்.

பசையைப் பற்றிக் கேட்டாய். மந்தம்தான். அதையும் அவரிடம் போய்ச் சொன்னேன், தலையை ஆட்டிக்கொண்டார். அப்படியானால் மறுபடி ஸ்பிரிட்டுக்கே வாருங்கள், இது வேறு ரகம் என்று ஒரு பாட்டில் தந்தார். அதே விரல் நீளம்தான். நான் லிட்டர் பாட்டிலுக்குக்கூடத் தகுதியில்லாதவளா என்று ஒரு நிமிஷம் மனசு சுருங்கியது. மேல்தட்டில் கேஸ் அடுப்பு ஒன்று இருக்கிறது. அதை எப்படிப் பற்றவைப்பது என்று அடுத்த வாரம் காட்டச் சொல்லியிருக்கிறேன். நீ கொடுத்த அடுப்பைக் குறை சொல்கிறேன் என்று நினைக்காதே. சும்மா தெரிந்துகொள்ளத்தான்.

ஃபோண்டு இன்னும் போடவில்லை. எரிபொருள் சரியாக அமையட்டும் என்று பார்க்கிறேன்.

செராஃபின்


வின்டர்தூர்,
23 நவம்பர் 1973

அன்புத் தங்கைக்கு,

என் ரத்த அழுத்தம் உன் கடிதத்தைப் படித்த பிறகு எவ்வளவு என்று கேட்காதே.

ஆறு வாரமாக ஒரு சட்டி ஃபோண்டு போடவிடாமல் உன்னை மேட்டிலும் பள்ளத்திலும் அலையவிடுகிறான் அந்த வியாபாரி. இந்த ஞாயிற்றுக்கிழமை காரை எடுத்துக்கொண்டு நேரே அவன் கடைக்கு வருவதாக இருந்தேன். அரபு நாடுகள் எண்ணெயை நிறுத்தியதற்கு நம்மவர்கள் ஞாயிற்றுக்கிழமை யாரும் கார் ஓட்டக் கூடாது என்று உத்தரவு போட்டுவிட்டார்கள். ரயிலில் போயேன் என்கிறாள் வ்ரெனி. கோபத்தோடு ரயிலில் போனால் ஃப்ரிபூர் வருவதற்குள் ஆறிவிடும்.

ஆகவே அவனுக்கே ஒரு கடிதம் எழுதிவிட்டேன். எழுதும்போதுதான் எனக்கே உறைத்தது. வின்டர்தூரில் இருந்து இருந்து, ஃபோண்டு என்றால் கிரூயேர் சீஸும் வொயினும் போட்டுக் கொதிக்கிறதுதான் என்று நினைக்கப் பழகிவிட்டேன். நம் வீட்டில் வெறும் வஷ்ரான் சீஸ்தானே போடுவோம். கொஞ்சம் தண்ணீர் விட்டு அடுக்களையில் மெதுவாக இளக்கி, மேஜைக்குக் கொண்டுவந்தால் இரண்டு மெழுகுவத்தி போதுமே. பெரிய தீ பட்டால் திரிந்து நூல்நூலாகப் போய்விடும். அம்மா காலத்திலிருந்து அதைக் கிளறுகிறவள் நீ.

இதையே எழுதினேன்: "என் தங்கை ஃப்ரிபூர் மாகாணத்துப் பெண். வஷ்ரான் தவிர வேறெதுவும் அவள் சட்டியில் விழாது. இரண்டு மெழுகுவத்தியில் முடிகிற காரியத்துக்கு அவளை ஆறு வாரம் உங்கள் கடைக்கு நடக்கவிட்டது எந்த ஊர் நியாயம்?" அனுப்பாதே என்று வ்ரெனி கையைப் பிடித்தாள். நான் கேட்கவில்லை, தபாலில் போட்டாயிற்று. இனி உன்னை ஏமாற்ற அவனுக்குத் துணிவு வராது.

உன் நலம் நாடும்,
கனீஸ்


ரொமோன்,
26 நவம்பர் 1973

அண்ணா,

நலம் விசாரிக்க இன்று எனக்கு மனசில்லை.

வஷ்ரானுக்கு மெழுகுவத்தி போதும் என்று எனக்குத் தெரியாதா? நாற்பத்தெட்டு வயதில், ஃபோண்டுவைக் கரைக்கத் தெரியாமலா நான் அந்த மேடு ஏறினேன்? எனக்கு ஸ்பிரிட் வேண்டாம், பசை வேண்டாம், கேஸ் வேண்டாம். அந்த முக்காலியில் வாரத்துக்கு ஒரு தடவை உட்காரவேண்டும், அவ்வளவுதான். அவர் ஈஸ்டருக்குப் போகாமல் இருக்கவேண்டும். இதை வாய்விட்டுச் சொல்ல எனக்குத் துணிச்சல் இல்லை. அதைக் கடுதாசி போட்டு அவர் கையிலேயே கொடுத்துவிட்டாய்.

இன்று காலை அவர் கடைக் கண்ணாடி வழியாக என்னைப் பார்த்தார். நான் எதிர்ப்பக்கம் திரும்பி, பனியில் வழுக்கிக்கொண்டே இறங்கி ஓடிவந்தேன். ஊரே பார்த்திருக்கும். வெட்கம் பிடுங்கித் தின்கிறது.

இனி எழுதாதே.

செ.


வின்டர்தூர்,
1 டிசம்பர் 1973

அன்பு நாத்தனார் செராஃபினுக்கு,

அவர்தான் எழுதக்கூடாது, நான் எழுதலாம். உடம்பைப் பார்த்துக்கொள். வழுக்கினாயே, அடி எதுவும் படவில்லையே?

உன் கடிதம் வந்தபோது உன் அண்ணன் சூப் குடித்துக்கொண்டிருந்தார். படித்தார். திரும்பப் படித்தார். பிறகு தாளை என்னிடம் நீட்டி, "வ்ரெனி, இதுக்கு என்ன அர்த்தம்?" என்று கேட்டார். டர்பைன் கட்டுகிற மனுஷன். "உங்க தங்கச்சிக்கு எரிபொருள் வேணாங்க, கடைக்காரர்தான் வேணும்" என்று சொன்னேன். அப்படியே கரண்டியை வைத்துவிட்டார். இந்த நான்கு நாளாக என்னிடம் கேட்பது ஒன்றுதான், ஏன் எனக்கு முதலிலேயே சொல்லவில்லை என்று. முதல் கடிதத்தில் ரெண்டு பேருக்கு என்று நீ எழுதினாயே, அப்போதே எனக்குத் தெரியும். சொல்லியிருந்தால் அன்றைக்கே கடைக்காரருக்குக் கடுதாசி போட்டிருப்பார்.

அழுகிறார் என்று சொல்லமாட்டேன், ஆனால் ராத்திரி எழுந்து போய் கார் ஷெட்டில் நிற்கிறார். மன்னித்துவிடு.

ஒன்று சொல்கிறேன், பெரியவள் சொல்வதாக எடுத்துக்கொள்ளாதே. அந்த மனிதர் லிட்டர் பாட்டில் தராததை நினைத்து மனசு சுருங்கியதாக எழுதியிருந்தாய். நான் மளிகைக்கடைக்காரர் மகள். லிட்டர் விற்கிறவனுக்கு வியாபாரம் முக்கியம், விரல் நீளம் விற்கிறவனுக்கு வேறென்னவோ முக்கியம். கடைக்குப் போ, பெண்ணே.

வ்ரெனி


ரொமோன்,
5 டிசம்பர் 1973

மதிப்பிற்குரிய திரு. கனீஸ் கிரெமோ அவர்களுக்கு,

தாங்களும் தங்கள் துணைவியாரும் நலமாக இருக்கவேண்டுகிறேன். தங்கள் கடிதத்துக்கு உடனே பதில் எழுத முடியாமற் போனதற்கு மன்னிக்கவும். எழுதி எழுதிக் கிழித்தேன்.

தங்கள் புகார் நியாயமானது. கடையின் பின்னறையில் லிட்டர் பாட்டில்கள் வரிசையாக நிற்கின்றன. நான் தங்கள் சகோதரிக்கு மிகச் சிறியதையே கொடுத்தேன். லிட்டர் கொடுத்திருந்தால் அவர் வசந்தம் வரை வரவேண்டியிருந்திருக்காது. வியாபாரத்தில் இது குற்றம், ஒப்புக்கொள்கிறேன்.

ஆனால் எரிபொருள் தேவையில்லாதவரிடம் விற்றேன் என்பதை மறுக்கிறேன். எங்கள் பக்கம் ஃபோண்டு தளதளவென்று கொதித்தால்தான் ஃபோண்டு. நல்ல தீ இல்லாமல் அது நடக்காது. மெழுகுவத்தி விஷயம் தங்கள் கடிதத்தைப் படித்துத்தான் தெரிந்துகொண்டேன். அது முதல் ஒரே யோசனையாக இருக்கிறது. தேவையில்லை என்றால் அவர் ஏன் வந்தார்? அந்த முழங்காலோடு, அந்த மேட்டில்?

எனக்கு ஒரு விடை தோன்றுகிறது. அது தவறாக இருந்தால், யாரையும் சங்கடப்படுத்தாமல் அதை எடுத்துக்கொண்டு மோத்தியே போய்விடுவேன். சரி என்றால் தாங்கள் உறுதிப்படுத்த முடியுமா? அவர் இப்போது கடைப் பக்கமே வருவதில்லை. கேட்க எனக்கு வேறு ஆள் இல்லை.

தங்கள் பணிவுள்ள,
ஓகுஸ்த் மத்தே


தந்தி
வின்டர்தூர், 7 டிசம்பர் 1973

மத்தே, மேட்டுத்தெரு, ரொமோன்

விடை சரி. ஞாயிறு மதியம் நேரில் போகவும். ஸ்பிரிட் வேண்டாம். கிரெமோ


ரொமோன்,
10 டிசம்பர் 1973

என் அண்ணனுக்கும் அண்ணிக்கும்,

நான் நன்றாக இருக்கிறேன். எவ்வளவு நன்றாக என்று எழுதினால் பைத்தியம் என்பீர்கள். கார் ஷெட்டில் நிற்கிறவரை உள்ளே கூப்பிட்டுப் போர்வை போர்த்துங்கள் அண்ணி.

நேற்றும் கார் ஓடாத ஞாயிறு. பிள்ளைகள் நடுரோட்டில் பனிச்சறுக்குப் பலகை விட்டுக்கொண்டிருந்தார்கள். ஜன்னலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். மேட்டிலிருந்து முசியே மத்தே கறுப்புக் கோட்டும் டையுமாக, ரோட்டின் நடுவிலேயே இறங்கி வந்தார். பூசை முடிந்து வெளியே வந்த சனமெல்லாம் நின்று பார்த்தது. புராட்டஸ்டன்டுக்காரர் நம் கத்தோலிக்கர் பக்கம் எங்கே வருகிறார் என்று பார்த்திருப்பார்கள். கையில் நூல் கட்டிய பொட்டலம்.

கதவைத் திறந்தேன். பொட்டலத்தை என்னிடம் நீட்டினார். பிரித்தால் இரண்டு மெழுகுவத்தி. "இது போதும்னு உங்கண்ணன் எழுதியிருக்கார்" என்றார். எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. உள்ளே வாருங்கள் என்று கையைத்தான் காட்டினேன்.

வீட்டில் வஷ்ரான் இருந்ததா என்று கேட்பாய். எப்போதும் இருக்கிறது அண்ணா. அக்டோபரிலிருந்து ஒவ்வொரு சனிக்கிழமையும் இரண்டு பேருக்கு வாங்குவேன். கூப்பிட வாய் வராது. வாரம் முழுக்க ரொட்டியில் தடவி நானே தின்று தீர்ப்பேன். என் பாவாடை இறுக்கத்துக்கு அதுதான் காரணம், வயது இல்லை.

நீங்கள் கொடுத்த அடுப்பில் அந்த இரண்டையும் ஏற்றி வைத்துச் சட்டியை வைத்தேன். மனிதருக்கு இருப்புக்கொள்ளவில்லை. குனிந்து குனிந்து தீயைப் பார்த்தார். இது எப்போது கொதிக்கும் என்று கேட்டார். கொதித்தால் கெட்டது, பேசாமல் சாப்பிடுங்கள் என்றேன். ஒரு வாய் சாப்பிட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் கண்ணை மூடிக்கொண்டிருந்தார். பிறகு, மோத்தியேயில் இதை யாரிடமும் சொல்லமுடியாது, ஊரைவிட்டே தள்ளிவைத்துவிடுவார்கள் என்றார்.

மோத்தியே என்ற பெயர் வந்ததும் ரொட்டித் தட்டை ஓரமாகத் தள்ளினேன். இப்போது கேட்காவிட்டால் ஈஸ்டர் வந்துவிடும். சட்டியையே பார்த்துக்கொண்டு கேட்டேன்:

"ஈஸ்டருக்கப்புறம் நான் ஸ்பிரிட்டுக்கு எங்க போவேன்?"

"உங்களுக்குத்தான் ஸ்பிரிட் தேவையில்லையே."

"தேவையானதெல்லாம் ஸ்டேஷன் பக்கத்துலயே கிடைக்குது. தேவையில்லாதத வாங்கத்தான் எனக்கு உங்க கடை வேணும்."

அவர் முள்கரண்டியிலிருந்த ரொட்டித் துண்டு அப்படியே நழுவிச் சட்டிக்குள் விழுந்தது. வெறும் கரண்டியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். காது வரைக்கும் சிவந்துவிட்டது. நம் ஊர் வழக்கம் உனக்குத் தெரியும். பெண் தவறவிட்டால் பக்கத்தில் இருப்பவருக்கு ஒரு முத்தம், ஆண் தவறவிட்டால் ஒரு பாட்டில் வொயின். நான் அதைச் சொன்னேன். அவர் கரண்டியைத் தட்டில் வைத்து, துணியால் வாயைத் துடைத்துக்கொண்டார்.

"எங்க ஊர்ல ஆம்பளைக்கும் அதே தண்டனைதான் மத்மசேல்" என்றார்.

அண்ணா, உனக்கு எதையும் விசாரித்துத் தெரிந்துகொள்ளாவிட்டால் தூக்கம் வராது. இது ஒன்றை மட்டும் எந்த நொஷாத்தெல்காரரிடமும் கேட்காதே. அப்படி வழக்கம் இல்லை என்று யாராவது சொல்லிவிடப் போகிறார்கள்.

சட்டியின் அடியில் ஒட்டிய பொருக்கை இரண்டு பேரும் கத்தியால் சுரண்டிப் பாதிப்பாதி தின்றோம். பிறகு என்னிடமே ஒரு தாள் கேட்டு வாங்கி, என் மேஜையிலேயே உட்கார்ந்து மைத்துனருக்கும் கடையைக் கேட்ட லொசான்காரருக்கும் எழுதினார். தபால்தலையும் என்னுடையதுதான். அவர் மறந்துபோய்ப் பைக்குள்ளேயே வைத்துவிடுவாரோ என்று பயந்து, இன்று காலை நானே ரயில் தபாலில் சேர்த்துவிட்டேன்.

கிறிஸ்துமஸுக்கு இரண்டு பேரும் வாருங்கள். அப்போது முடியாவிட்டால் ஈஸ்டருக்கு வாருங்கள். அண்ணாவை அவருக்கு நேரில் அறிமுகப்படுத்த வேண்டும், அவரும் கொஞ்சம் பயந்துபோய்த்தான் இருக்கிறார். ஈஸ்டர் திங்கள் விடுமுறை. செவ்வாய்க்கிழமை காலை கடை திறந்திருக்கும்.

உங்கள் இருவருக்கும் முத்தங்களுடன்,
செராஃபின்